பாரம் எங்கே இறங்குது

கேட்டுக்கு மாதிரி என்று அந்த அம்மா நீட்டிய தாளில்
ஒரு நத்தை.
நத்தை முதுகில் மூக்கு நீண்ட கிழட்டு முகம்.
முகத்தின் உச்சியில் பூச்சாடி.
சாடி வாயிலிருந்து எழுந்த பெண்ணுக்கு
இடுப்புக்குக் கீழே முட்டைக்கோஸ் இலை.
அவள் சுண்டுவிரலில் ஒரு நூல்,
நூலில் தொங்குவது கூடாரம்,
உள்ளே இரண்டு ஆடுகள்
உட்கார்ந்து குழல் ஊதுகின்றன.

எட்டடி உயரம், இரட்டைக் கதவு என்றார்.

டானிங்டன் இறக்கத்தில் இருபத்திரண்டு வருஷப் பட்டறை.
மயில் கேட்டிருக்கிறார்கள், சூலம், உதயசூரியன்,
ஒருவர் தன் பெயரையே தலைகீழாகக் கேட்டார்
(மாடியிலிருந்து பார்க்க நேராகத் தெரியணுமாம்).
எல்லாரிடமும் கேட்பதைத்தான் இவரிடமும் கேட்டேன்:
பாரம் எங்கே இறங்குது?

டெய்ஸி வில்பர்ட் சிரித்தார்.
இறங்காது மாஸ்டர். அதுதான் இதுல அழகு.

பங்களாவை ஹோட்டல் ஆக்குகிறார்.
படிக்கட்டுக்கு அடியில் டிரங்குப் பெட்டி,
பெட்டிக்குள் இந்தத் தாள்.
நானூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அச்சாம்,
ஆண்ட்வெர்ப் என்று ஒரு ஊராம்.
செப்புத் தகட்டை உளியால் கீறி
கீறலில் மை நிரப்பி
ஈரத் தாளை வைத்து நசுக்கி எடுப்பார்களாம்.
தட்டாரும் கொல்லரும் பார்த்துச் செய்யட்டும் என்றுதான்
கட்டுக்கட்டாக விற்றார்களாம்.

அப்படியானால் இது எனக்கு வந்த தாள்.
கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டுப் பார்த்தேன்.
பெள்ளிராஜ் எட்டிப் பார்த்து, கோயில் யாளி மாதிரி இருக்குண்ணே என்றான்.
யாளிக்குக் காலடியில் யானைடா,
யானைக்கு அடியில் கல்,
தலைக்கு மேல் மண்டபமே உட்கார்ந்திருக்கும்.
இதுகளுக்கு வேலையே இல்லை.
சொல்லிவிட்டுத்தான் கவனித்தேன்,
ஓரங்களில் இரும்புப் பட்டை சுருண்டு ஓடுகிறது,
பட்டைக்குப் பட்டை ரிவிட், தலை உருண்டையாக,
நான் அடிப்பது போலவே.
பட்டையின் துளைகளில் கை நுழைத்து, கால் நுழைத்து
ஆட்டுக்கால் மனிதர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
ஒருத்தன் முகத்திலும் வலி இல்லை.
க்யூவில் நிற்கும் முகம்.

அப்பாவுக்கு அந்த முகம் உண்டு.
மஸ்கெலியாவில் பிறந்து, மண்டபம் முகாமில் மீசை முளைத்து,
லாரியில் இந்த மலைக்கு வந்தவர்.
எந்த ஆபீஸ் பாரத்திலும்
இடுப்புக்கு மேல் ஒரு நாடு, கீழே ஒரு நாடு என்று
எழுதக் கட்டம் இல்லை.
அதை விடுங்கள்.

நத்தைக்கு ஆறு எம்எம் தகடு. முகத்துக்குப் பழைய கேஸ் சிலிண்டர் மூடி.
கூடாரம் மட்டும் பதினொன்றரைக் கிலோ.
நூல் என்று அந்த ஆள் இழுத்த கோட்டுக்கு
மூன்று எம்எம் கம்பி வைத்தேன்.
வைத்தேனே தவிர நம்பவில்லை.
பின்பக்கம், யார் கண்ணிலும் படாமல்,
இருபது எம்எம் ராடு ஒன்றை மேலிருந்து கீழ்வரை இறக்கி
எல்லாவற்றையும் அதில் தொற்றவைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன்.
பொய் சொன்னது நானா, அவனா, தெரியவில்லை.

மாட்டி ஒன்பதாம் நாள்
கேரட் தோட்டத்திலிருந்து ஏறி வந்த காட்டுமாடு
அந்த வழியாகப் போக நினைத்திருக்கிறது.
வழக்கமான வழி. கேட் புதுசு.

காலையில் போய் நின்றேன்.
ஆட்டுக்கால்காரன் கொம்பில் கொத்தாகக் கறுப்பு மயிர்.
கிழ முகத்தின் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்து
இப்போதுதான் எதையோ மோப்பம் பிடிக்கிறது.
ஒளித்துவைத்த ராடு
வில்லாக வளைந்து பட்டப்பகலில் வெளியே நிற்கிறது.
எதையும் தாங்காத நூல்
ஒரு நூலளவும் கோணவில்லை.
கூடாரம் அதில் தொங்குகிறது.
தொட்டுப் பார்த்தேன், ஆடியது,
உண்மையாகவே தொங்குகிறது.

நிமிர்த்தட்டுமா என்றேன்.
டெய்ஸி அம்மா மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.
வேண்டாம் மாஸ்டர், ராடை மட்டும் அறுத்து எடுத்துடுங்க.

அறுக்க இன்னும் கை வரவில்லை.
பாக்கி நாலாயிரத்து இருநூறும் வரவில்லை.